கலைந்த நிறங்களைச் சேர்ப்போம்!

சாரல் காலம் தொடங்கிவிட்டால் நம் குற்றாலத்துக் கடைவீதி களைகட்டிவிடும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் குவிந்திருக்கும் கடைகளுக்கு நடுவே, விளையாட்டுப் பொருள்கள் தொங்கும் கடைகளில் ஆறு நிறம் பூண்ட சிறு கனசதுரம் ஒன்றும் கண்ணைப் பறிக்கும். குழந்தைகள் கேட்டதும் பெற்றோரும் வாங்கிக் கொடுத்துவிடுவர். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான். பேருந்து தென்காசி வந்து சேர்வதற்குள் நிறங்கள் எல்லாம் கலைந்துவிடும்! அதன்பின் அது அலமாரியின் மூலையில் தூசி படிந்து கிடக்கும். “அதெல்லாம் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, எனக்கு வராது” என்ற ஒரே சொல்லோடு கதை முடிந்துவிடும்.

உண்மையில் அது கெட்டிக்காரர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. கோலம் போடத் தெரிந்த கையும், பொறுமையும், சில சிறு வாய்பாடுகளும் இருந்தால் போதும். அந்த வழியை முதலிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டில் கனசதுரம் இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

பிறந்த கதை

இந்தப் புதிரை உருவாக்கியவர் ஹங்கேரி நாட்டின் எர்னோ ரூபிக். 1944-ஆம் ஆண்டு பிறந்த இவர், புடாபெஸ்ட் நகரில் கட்டடக் கலை பயின்று, அங்கேயே கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றினார். பல சிறு கட்டைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே நகரவும் வேண்டும். நகரும்போது முழு உருவமும் உதிர்ந்து விழக்கூடாது. இது முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியே, 1974-இல் மரத்தால் முதல் கனசதுரத்தைச் செய்தார். பக்கங்களுக்கு நிறம் கொடுத்துச் சில முறை திருகிப் பார்த்தார். நிறங்கள் கலைந்தன. திரும்பச் சேர்க்க முற்பட்டபோதுதான், தமக்கே வழி தெரியவில்லை என்பதை உணர்ந்தார்! அதைச் சீர்செய்ய அவருக்கு ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. படைத்தவருக்கே ஒரு மாதம் என்றால், நாம் ஒரு மாலைப் பொழுதில் சலித்துக்கொள்வது நியாயமா?

1977-இல் புடாபெஸ்ட் கடைகளில் “மாயக் கனசதுரம்” என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1980-இல் “ரூபிக் கியூப்” என்னும் பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. 1981-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பாட்ரிக் பாசர்ட் என்னும் பள்ளி மாணவன், இதைத் தீர்க்கும் வழியை ஒரு சிறு நூலாக எழுதினான். அது பத்து லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. உங்களையொத்த வயதினன் ஒருவன் எழுதிய நூலைப் பார்த்துப் பெரியவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா!

குருட்டாம்போக்கில் வருமா?

“திருகிக்கொண்டே இருந்தால் என்றாவது தானாகச் சேர்ந்துவிடாதா?” என்று சிலர் கேட்பதுண்டு. இக்கனசதுரம் எடுக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 4,32,52,00,32,74,48,98,56,000. அதாவது ஏறத்தாழ 4 லட்சத்து 32 ஆயிரம் கோடி கோடி! நொடிக்கு ஒரு நிலை வீதம் ஊண் உறக்கமின்றிப் பார்த்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஒரு லட்சம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகும். ஆகவே குருட்டாம்போக்கு இங்கே பயன்படாது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. எவ்வளவு கலைந்திருந்தாலும், சரியான வழி தெரிந்தால் 20 திருகல்களுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010-இல் கணிப்பொறிகளின் துணையோடு நிறுவப்பட்டது. நாம் கற்கப்போகும் எளிய வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட திருகல்கள் ஆகலாம். அதனால் ஒன்றும் குறைவில்லை. முதலில் நடக்கக் கற்போம். ஓடுவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

உறுப்புகளை அறிவோம்

வெளியே தெரியும் சிறு கட்டைகள் மொத்தம் 26. அவை மூன்று வகைப்படும்.

ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் இருப்பது நடுக்கட்டை. மொத்தம் 6, ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம். இவை தம் இடத்திலேயே சுழலுமேயன்றி ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு எப்போதும் இருக்கும். கோலத்தில் புள்ளி எப்படியோ, கனசதுரத்தில் நடுக்கட்டை அப்படி. நடுவில் மஞ்சள் இருந்தால் அது மஞ்சள் முகமேதான். சுற்றிலும் வேறு என்ன நிறம் இருந்தாலும் கவலையில்லை.

இரு நிறம் கொண்டவை விளிம்புக்கட்டைகள், மொத்தம் 12. மூன்று நிறம் கொண்டவை மூலைக்கட்டைகள், மொத்தம் 8. விளிம்பு ஒருபோதும் மூலைக்குப் போகாது. மூலை விளிம்புக்கு வராது.

தொடக்கத்தில் பலரும் செய்வது, ஒரு முகத்தின் ஒன்பது சதுரங்களையும் ஒரே நிறமாக்க முயல்வதாகும். அது சரியான வழியன்று. கட்டையின் ஒரு நிறம் சரியாக இருந்து மற்ற நிறம் தவறாக இருந்தால், அது வேறோர் இடத்துக்குரிய கட்டை. ஆகவே முகம் முகமாக அன்றி, அடுக்கு அடுக்காகச் சேர்க்க வேண்டும். வீடு கட்டுவோர் அடித்தளம், சுவர், கூரை என்று போவதுபோலக் கீழடுக்கு, நடு அடுக்கு, மேலடுக்கு என்று போவோம்.

குறியீடுகள்

வாய்பாடுகளை எழுத ஐந்து எழுத்துகளை வைத்துக்கொள்வோம்.

மு – முன்முகம்
வ – வலப்பக்கம்
இ – இடப்பக்கம்
மே – மேலடுக்கு
கீ – கீழடுக்கு

எழுத்து மட்டும் இருந்தால், அந்த முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, கடிகார முள் செல்லும் திசையில் கால் சுற்றுத் திருக வேண்டும். எழுத்தை அடுத்து ஒரு சிறு கோடு (') இருந்தால் எதிர்த்திசையில் கால் சுற்று. 2 என்ற எண் இருந்தால் அரைச் சுற்று. எடுத்துக்காட்டாக, வ' என்றால் வலப்பக்கத்தை எதிர்த்திசையில் கால் சுற்று. மே2 என்றால் மேலடுக்கை அரைச் சுற்று.

இப்போது ஒரு சிறு சோதனை. சேர்ந்த நிலையில் உள்ள கனசதுரம் கிடைத்தால் இந்த நான்கு திருகல்களையும் செய்யுங்கள்:

வ மே வ' மே'

நிறங்கள் சற்றுக் கலைந்திருக்கும். நிறுத்தாமல் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கலைப்பு மேலும் கூடும், அஞ்சாதீர்கள். ஆறாவது முறை முடியும்போது கனசதுரம் பழைய நிலைக்கே வந்துவிடும்! ஐந்தருவியில் ஒரே நீரோட்டம் ஐந்தாகப் பிரிந்து விழுந்து, கீழே மீண்டும் ஒன்றாகிச் செல்வதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோலத்தான் இதுவும். ஒழுங்கோடு செய்த கலைப்பு ஒழுங்கிலேயே வந்து முடியும். இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏழு படிகள்

முதற்படி: வெள்ளைச் சிலுவை. மஞ்சள் நடுக்கட்டை மேலே இருக்குமாறு பிடியுங்கள். வெள்ளை நிறமுள்ள நான்கு விளிம்புகளையும் மஞ்சளைச் சுற்றி மேலே கொண்டு வாருங்கள். மஞ்சள் நடுவும் வெள்ளை இதழும் கொண்ட பூப்போலத் தோன்றும். இதற்கு வாய்பாடு இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான். முன்பே வந்துவிட்ட இதழைக் கெடுக்காதிருக்க, மேலடுக்கைத் திருப்பிக் காலியிடத்தை வழிவிடச் செய்யுங்கள். பூ முடிந்ததும், ஓர் இதழின் பக்க நிறம் அப்பக்க நடுக்கட்டையின் நிறத்தோடு ஒன்றும் வரை மேலடுக்கைத் திருப்புங்கள். ஒன்றியதும் அப்பக்கத்தை அரைச் சுற்றுத் திருகினால் வெள்ளை கீழே போய்விடும். நான்கு இதழ்களையும் இவ்வாறே இறக்கினால் அடியில் வெள்ளைச் சிலுவை அமையும்.

இரண்டாம் படி: வெள்ளை மூலைகள். வெள்ளை கீழேயே இருக்கட்டும். மேலடுக்கில் வெள்ளை நிறமுள்ள ஒரு மூலையைக் கண்டுபிடியுங்கள். அதன் மற்ற இரு நிறங்கள் எவை என்று பாருங்கள். அந்த இரு நடுக்கட்டைகளுக்கு இடைப்பட்ட இடமே அதன் வீடு. அவ்விடத்துக்கு நேர் மேலே மூலையைக் கொண்டுவந்து, அது முன்புற வலது மேல்மூலையாக இருக்குமாறு பிடித்துக்கொண்டு, வ மே வ' மே' என்பதை, மூலை வெள்ளை கீழ்நோக்கச் சரியாக உட்காரும் வரை செய்யுங்கள். ஐந்து முறைக்கு மேல் ஆகாது. வெள்ளை மூலை ஏதேனும் கீழடுக்கில் தவறாக மாட்டிக்கொண்டிருந்தால், அதை முன்புற வலது கீழ்மூலையில் வைத்து ஒருமுறை செய்தால் மேலே வந்துவிடும்.

மூன்றாம் படி: நடு அடுக்கு. மேலடுக்கில் மஞ்சள் இல்லாத ஒரு விளிம்பைத் தேடுங்கள். அதன் முன்னிறம் முன் நடுக்கட்டையின் நிறத்தோடு ஒன்றுமாறு வையுங்கள். அது வலப்புறம் இறங்க வேண்டுமானால்:

மே வ மே' வ' மே' மு' மே மு

இடப்புறம் இறங்க வேண்டுமானால்:

மே' இ' மே இ மே மு மே' மு'

இரண்டும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றைக் கற்றால் மற்றது தானே வரும். விளிம்பு ஒன்று நடு அடுக்கில் தவறாக மாட்டியிருந்தால், அவ்விடத்தில் வேறொரு விளிம்பை இதே வாய்பாட்டால் இறக்குங்கள். மாட்டியது மேலே வந்துவிடும்.

நான்காம் படி: மஞ்சள் சிலுவை. இப்போது மேலே பாருங்கள். மூலைகளைக் கவனிக்க வேண்டாம். விளிம்புகளை மட்டும் பாருங்கள். நடுப்புள்ளி மட்டும் மஞ்சளாக இருக்கலாம், இரு விளிம்புகள் சேர்ந்து முழங்கை வடிவில் இருக்கலாம், நேர்கோடாக இருக்கலாம். மூன்றுக்கும் வாய்பாடு ஒன்றே:

மு வ மே வ' மே' மு'

முழங்கையானால் இரு மஞ்சளும் பின்புறமும் இடப்புறமும் இருக்குமாறும், கோடானால் இடமிருந்து வலமாகக் கிடக்குமாறும் பிடித்துக்கொள்ள வேண்டும். புள்ளி முழங்கையாகும், முழங்கை கோடாகும், கோடு சிலுவையாகும்.

ஐந்தாம் படி: சிலுவையின் பக்க நிறங்கள். மேலடுக்கைத் திருப்பிப் பார்த்தால், குறைந்தது இரு விளிம்புகளின் பக்க நிறமாவது நடுக்கட்டைகளோடு ஒன்றும். நான்கும் ஒன்றினால் அடுத்த படிக்குப் போகலாம். அடுத்தடுத்த இரண்டு மட்டும் ஒன்றினால், அவை பின்புறமும் வலப்புறமும் இருக்குமாறு பிடித்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்:

வ மே வ' மே வ மே2 வ' மே

எதிரெதிராக இரண்டு ஒன்றினால், எப்படிப் பிடித்தேனும் ஒருமுறை செய்யுங்கள். பிறகு அடுத்தடுத்த நிலை வந்துவிடும்.

ஆறாம் படி: மூலைகளின் இடம். மேலடுக்கு மூலைகளில், நிறங்கள் திரும்பியிருந்தாலும் தனக்குரிய இடத்தில் இருக்கும் மூலை ஒன்றைத் தேடுங்கள். அதை முன்புற வலது மேல்மூலையில் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்:

மே வ மே' இ' மே வ' மே' இ

ஒருமுறையோ இருமுறையோ செய்தால் எல்லா மூலைகளும் தத்தம் இடம் சேரும். சரியான மூலை ஒன்றும் இல்லையென்றால் எப்படியேனும் ஒருமுறை செய்தால் ஒன்று கிடைக்கும்.

ஏழாம் படி: மூலைகளைத் திருப்புதல். இதுவே கடைசிப் படி; இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். மஞ்சள் மேல்நோக்காத ஒரு மூலையை முன்புற வலது மேல்மூலையில் வைத்துக்கொண்டு,

வ' கீ' வ கீ

என்பதை அந்த மூலையின் மஞ்சள் மேலே வரும் வரை செய்யுங்கள். இரண்டு முறை அல்லது நான்கு முறை ஆகும். பின்பு கனசதுரம் முழுவதையும் திருப்பாமல், மேலடுக்கை மட்டும் திருப்பி, அடுத்த தவறான மூலையை அதே இடத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் செய்யுங்கள். எல்லா மூலைகளும் மஞ்சள் காட்டியதும் மேலடுக்கைத் திருப்பி நேர் செய்யுங்கள். முடிந்தது!

கைவிடாதிருக்க ஒரு விளக்கம்

ஏழாம் படியின் நடுவில் ஒரு சங்கடம் வரும். பாடுபட்டுச் சேர்த்த கீழ் அடுக்குகள் இரண்டும் கலைந்துபோய்விட்டதாகத் தோன்றும். “ஐயோ, எல்லாம் கெட்டுவிட்டதே!” என்று பதறி, வாய்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டால் உண்மையிலேயே எல்லாம் கெட்டுவிடும். பதறாமல் தொடர்ந்தால் கடைசித் திருகலில் எல்லாம் தானே சேரும்.

ஏன்? காரணம் எளியது. இந்த நான்கு திருகல்களையும் ஆறு முறை செய்தால் எதுவும் மாறாது என்று முன்பு கண்டோமே, அதே விதிதான். ஒரு மூலையை மூன்றில் ஒரு பங்கு திருப்ப 2 முறை. மூன்றில் இரு பங்கு திருப்ப 4 முறை. மூலைகளின் திருப்பங்களைக் கூட்டினால் எப்போதும் முழுச் சுற்றாகவே வரும். ஆகவே நீங்கள் செய்யும் மொத்த எண்ணிக்கை 6 ஆகவோ 12 ஆகவோ அமையும். 6-இன் மடங்கு வந்ததும் கீழ் அடுக்குகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. மாயமில்லை, மந்திரமில்லை, கணக்குத்தான். “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லும் மாணவி ஒருத்தி இதைக் கையால் செய்து முடித்தால், அவளறியாமலே கல்லூரிக் கணிதத்தின் ஒரு கருத்தைத் தொட்டுவிட்டாள் என்பதே பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் பொறுமையிழந்து வண்ணத்தாளை உரித்து மாற்றி ஒட்டுவர். சிலர் கட்டைகளைப் பிரித்தெடுத்து மனம்போனபடி மாட்டுவர். அப்படி மாட்டிய கனசதுரம் தீரக்கூடியதாக இருக்க 12-இல் ஒரு வாய்ப்பே உண்டு. மற்றவை எவராலும் தீராதவை. எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பி நின்றால், தவறு உங்களுடையதன்று. யாரோ அதைப் பிரித்து மாட்டியிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

கற்கும் முறை

ஏழு படிகளையும் ஒரே நாளில் கற்க முயலாதீர்கள். முதல் இரண்டு நாள்கள் வெள்ளைச் சிலுவையோடு நில்லுங்கள். தாளைப் பாராமல் அது வந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். வாய்பாட்டைக் கத்தி மனப்பாடம் செய்வதைவிட மெதுவாகத் திருகிப் பாருங்கள். தட்டச்சுக் கற்பவர்களுக்கு எழுத்துகள் விரலில் படிவதுபோல இதுவும் விரலில் படிந்துவிடும். நடுவில் தடுமாறினால் கோபம் வேண்டாம். முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். கற்றதை ஒரு தோழிக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே நன்றாக விளங்கும்.

சாதித்தவர்கள்

1982 ஜூன் 5-இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில், வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் படித்துவந்த மின் தாய் என்ற பதினாறு வயது மாணவர் 22.95 நொடியில் முடித்து வென்றார். 2023-இல் அமெரிக்க இளைஞர் மாக்ஸ் பார்க் 3.13 நொடியில் முடித்து உலக சாதனை படைத்தார். இவருடைய கதை நம் நெஞ்சைத் தொடுவது. குழந்தைப் பருவத்திலேயே இவருக்கு ஆட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டது. விரல்கள் இயல்பாக வேலை செய்யவில்லை. பிறரோடு பழகுவதும் அரிதாக இருந்தது. விரல்களுக்குப் பயிற்சியாகவே பெற்றோர் கனசதுரத்தைக் கையில் கொடுத்தனர். அதுவே அவரை மற்றவர்களோடு கலந்து பழகவும், போட்டிக்குச் செல்லவும், உலகை வெல்லவும் வைத்தது.

நம் தமிழகத்திலும் சாதனையாளர் உண்டு. சென்னையைச் சேர்ந்த இளையராம் சேகர், 2020-இல் நீருக்கடியில் ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு 2 நிமிடம் 17 நொடியில் ஆறு கனசதுரங்களைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை படைத்தார். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. குற்றாலத்துத் தண்ணீரில் குளித்தால் போதும்! ஆனால் பதற்றமில்லாத மனம் எவ்வளவு செய்யும் என்பதற்கு அது சான்று.

மாணவியர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. உலகக் கனசதுரச் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆண்களுக்கு, பெண்களுக்கு என்ற தனித்தனிப் பிரிவுகள் இல்லை. வயதுப் பிரிவும் இல்லை. பத்து வயதுச் சிறுமியும் இருபது வயது இளைஞரும் ஒரே மேசை வரிசையில் அமர்வர். கடிகாரம் யாரென்று கேட்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளை தடுமாறும்போது வாங்கி நீங்களே முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். “பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு நிமிடத்தில் முடிக்கிறதே” என்று ஒப்பிடவும் வேண்டாம். ஒப்பிடப்பட்ட குழந்தை கனசதுரத்தை மட்டுமன்றி, கணக்கையும் சேர்த்து அலமாரியில் வைத்துவிடும். பக்கத்தில் அமர்ந்து, எந்தப் படியில் நிற்கிறாள் என்று கேளுங்கள், அதுவே போதும். விடுமுறைப் பகலில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அரை மணியை இதற்குக் கொடுத்தால், கண்ணும் கையும் மனமும் ஒன்றுபட்டு வேலை செய்யும்.

அன்பு மாணவியரே! வாழ்விலும் சில நாள்களில் எல்லாம் கலைந்துவிட்டதாகத் தோன்றும். மதிப்பெண் குறையலாம், வீட்டில் துன்பம் நேரலாம். அப்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்ய முனையாமல், முதலில் எந்த அடுக்கு என்று பாருங்கள். ஒரு படியைச் செம்மையாகச் செய்யுங்கள். பிறகு அடுத்த படி. நடுவில் கலைவதைக் கண்டு கையை எடுத்துவிடாதீர்கள். கனசதுரம் விரலுக்குக் கற்றுத் தரும் பாடம் இதுதான். இன்றே முதற்படியைத் தொடங்குங்கள்!